டிஸ்சார்ஜ் ஆகி வந்த அப்பா இளைச்சிக்கிட்டே போறார், ஹார்ட் ஃபெயிலியர், வயசு 79, என்ன சாப்பாடு கொடுக்கிறது?

குடந்தை_மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர், எக்கோ ஸ்கேன்ல இதயத்தோட பம்பிங் 30 சதவீதம்தான்னு சொன்னாங்க. கால் வீங்கி, படுத்தா மூச்சு முட்டுதுன்னு அட்மிட் பண்ணி, ஊசி போட்டு நீரை எல்லாம் இறக்கி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மூச்சு வாங்குறது இப்ப இல்ல, அதுக்கு நன்றி சொல்லணும். ஆனா கிளம்பும்போது சாப்பாட்டைப் பத்தி சொன்னது பூரா வேண்டாம் வேண்டாம்தான். உப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், தேங்காய் வேண்டாம், மஞ்சக்கரு வேண்டாம், தண்ணி ஒன்றரை லிட்டருக்கு மேல வேண்டாம். என்ன கொடுக்கணும்னு யாரும் சொல்லல. அதனால காலையில உப்பில்லாத ரெண்டு இட்லி, பதினொரு மணிக்கு ரவைக் கஞ்சி, மதியம் ரசம் சாதம் கொஞ்சம், ராத்திரி மறுபடி கஞ்சி. அதுலயும் பாதிக்குப் பாதி மிச்சம். ரெண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைஞ்சிடுச்சும்மான்னு தட்டைத் தள்ளிடறார்.

இப்ப எடை 52 கிலோ. நீர் இறங்கினதால குறையுதுன்னு முதல்ல நினைச்சோம், வீக்கம் வத்தி இத்தனை நாள் ஆகியும் குறைஞ்சிக்கிட்டே இருக்கு. குளிப்பாட்டும்போது பார்த்தா தோள்பட்டை எலும்பு தெரியுது, தொடை சூம்பிப் போச்சு, நாற்காலிய பிடிச்சுக்காம எந்திரிக்க முடியல. அண்ணன் ஹார்ட் பேஷண்டுக்கு லைட்டாத்தான் கொடுக்கணும்னு சண்டைக்கு வர்றான். மாத்திரை, நீர் பிரியறதுக்கு லாசிக்ஸ், அப்புறம் ஸ்பைரனோலாக்டோன், டாபாக்ளிஃப்ளோசின், இன்னும் ரெண்டு. சுகர் கிடையாது. மீன், முட்டை எல்லாம் முன்னாடி விரும்பி சாப்பிட்டவர்தான். இந்த மாதிரி வயசானவங்களை வீட்ல வச்சுப் பார்த்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வேலூர்_செந்தில்:
அக்கா, சாதா உப்புக்கு பதிலா இந்துப்பு போடுங்க, ஹார்ட்டுக்கு ஒண்ணும் பண்ணாது, எங்க வீட்ல எல்லாரும் அதான். தினம் ஒரு இளநி கொடுங்க, தெம்பு வரும்.

டயட்_கிளினிக்_மதுரை:
குடந்தை மகள், நீங்க எழுதினதைப் படிச்சதும் உடனே பதில் போடணும்னு தோணுச்சு. நான் இதய வார்டுல டயட்டீஷியனா வேலை பார்க்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகிப் போன பெரியவங்க ரிவ்யூவுக்கு வரும்போது பாதிப் பேர் இப்படித்தான் வர்றாங்க. வீக்கம் இல்ல, மூச்சு வாங்கல, ஆனா ஆள் கரைஞ்சு போயிருப்பாங்க. வீட்ல யாரும் கொடுக்காம இல்ல, பயந்து பயந்து கொடுத்திருப்பாங்க.

முதல்ல செந்தில் தம்பி சொன்ன ரெண்டையும் தயவுசெஞ்சு செய்யாதீங்க. இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், கலர்தான் வேற. அதைவிட ஆபத்து கடையில லோ சோடியம் சால்ட்னு விக்கிற பாக்கெட், அதுல சோடியத்தைக் குறைச்சுட்டு பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பாங்க. அப்பா சாப்பிடற ஸ்பைரனோலாக்டோன் பொட்டாசியத்தை உடம்புலயே பிடிச்சு வைக்கிற மாத்திரை, மேல சொன்ன இன்னும் ரெண்டுல பிரில்னோ சார்ட்டன்னோ முடியற பேர் இருந்தா அதுவும் அப்படித்தான். இதோட இளநியும் தினமும் போனா, இளநியில பொட்டாசியம் நிறைய, ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறா போகலாம். இது மிரட்டறதுக்காகச் சொல்றது இல்ல, எமர்ஜென்சியில நாங்க பார்க்கிறது.

இப்ப சாப்பாடு. வயசானவங்களுக்கு நோயும் இருந்தா எடையில ஒரு கிலோவுக்கு 1.2ல இருந்து 1.5 கிராம் புரதம், 30 கலோரி அளவுக்கு வேணும்னு ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதல்ல இருக்கு. அப்பாவோட 52 கிலோவுக்கு 62ல இருந்து 78 கிராம் புரதம், 1500 கலோரிக்குக் கொஞ்சம் மேல. நீங்க கொடுக்கிறதை மனக்கணக்கா போட்டுப் பார்த்தேன், முழுசா சாப்பிட்டாக்கூட புரதம் 25 கிராம் தாண்டாது. ரவைக் கஞ்சிய எடுத்துக்குங்க. ஒரு பெரிய டம்ளர் கஞ்சியில ரவை 30 கிராம்தான் இருக்கும், அதாவது நூறு கலோரி சொச்சம், புரதம் 3 கிராம். மீதி பூரா தண்ணி. அந்தத் தண்ணியும் ஒன்றரை லிட்டர் கணக்குல போயிடுது, வயிறும் நிறைஞ்சிடுது. ஹார்ட் ஃபெயிலியர்ல குடலும் நீர் கோத்து வீங்கியிருக்கும், அதான் ரெண்டு வாய்லயே நிறைஞ்ச மாதிரி இருக்கு, அடம் பிடிக்கிறார்னு நினைக்காதீங்க. அந்தச் சின்ன வயித்துல கஞ்சித் தண்ணிய ஊத்தி இடத்தை அடைச்சா சத்து எங்க போகும் சொல்லுங்க.

அதனால அளவு சின்னதா, தடவை அதிகமா, உள்ள போறது கெட்டியா இருக்கட்டும். ஏழு வேளையா பிரிச்சுக்குங்க. எழுந்ததும் 200 மில்லி பால், அதுல 6 கிராம் புரதம். காலையில ரெண்டு இட்லி, தண்ணியா இல்லாம கெட்டியான பருப்பு சாம்பார், ஒரு முழு முட்டை, மஞ்சக்கருவோட. 79 வயசுல உடம்பு கரையறவருக்கு மஞ்சக்கருவை எடுத்து வைக்கிறதுல அர்த்தமே இல்ல. பதினொரு மணிக்கு கஞ்சிதான் வேணும்னா பொட்டுக்கடலை மாவுக் கஞ்சி, பால்ல காய்ச்சி, ஒரு ஸ்பூன் நெய் விட்டு, அரை டம்ளர் போதும். மதியம் குழைஞ்ச சாதம் ரெண்டு கரண்டி, முள்ளு எடுத்த மீன் ஒரு பெரிய துண்டு, பருப்பு, தயிர். இங்க ஒண்ணு, முதல்ல மீனு பருப்பு, அப்புறம்தான் சாதம். ரசம் கடைசியில, அதுவும் பசி இருந்தா. நாலு மணிக்கு நிலக்கடலைய வறுத்துப் பொடிச்சு கொஞ்சம் வெல்லத்தோட உருட்டி ஒரு உருண்டை. ராத்திரி அடையோ பாசிப்பருப்பு தோசையோ மெத்துனு, படுக்கறதுக்கு முன்னாடி மறுபடி கொஞ்சம் பால். எல்லாம் சேர்ந்தா 65, 70 கிராம் வந்துடும். பால், தயிர், சாம்பார் எல்லாமே ஒன்றரை லிட்டர் கணக்குல சேரும், மறந்துடாதீங்க.

பால்ல கலக்கிற மால்ட் பவுடரை புரதப் பவுடர்னு நினைச்சு வாங்கிடாதீங்க, நிறைய டப்பாவில முக்கால்வாசி மாவும் சர்க்கரையும்தான். டப்பாவோட பின்பக்கம் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை மில்லிகிராம் சோடியம்னு போட்டிருக்கும், அதைப் பாருங்க.

ரிட்டயர்டு_சிஸ்டர்:
டயட்டீஷியன் மேடம் சொன்னது அத்தனையும் சரி, ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். நாளைக்கே இதையெல்லாம் மொத்தமா கொடுக்க ஆரம்பிக்காதீங்கம்மா. ஒரு வாரமா ஒண்ணுமே சாப்பிடாத மாதிரி கிடந்தவங்களுக்கு திடீர்னு நிறைய கொடுத்தா ரத்தத்துல பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் சட்டுனு இறங்கி இதயத்தையே பாதிக்கும். லாசிக்ஸ் சாப்பிடறவங்களுக்கு தயமின், அதான் பி1 விட்டமின், சிறுநீர்ல போயிட்டே இருக்கும், அதுவும் குறைவா இருக்கும். அப்பா கொஞ்சமாவது சாப்பிட்டுக்கிட்டு இருக்கார், அதனால பெரிய பயம் வேண்டாம், ஆனா நாளுக்கு ஒரு வேளையா கூட்டிக்கிட்டுப் போங்க, டாக்டர்கிட்ட ஒரு தடவை ரத்தத்துல உப்புக்களை எல்லாம் பார்த்து பி1 மாத்திரை வேணுமான்னு கேட்டுடுங்க.

தினமும் காலையில எந்திரிச்சு, பாத்ரூம் போயிட்டு வந்து, சாப்பிடறதுக்கு முன்னாடி, ஒரே மாதிரி துணியில எடை பார்த்து காலண்டர்லயே எழுதுங்க. மூணு நாளைக்குள்ள ரெண்டு கிலோ ஏறினா அது சதை இல்ல, நீரு, உடனே டாக்டருக்கு ஃபோன். மாசக்கணக்கா மெதுவா இறங்கினா அது சதை போறது. ரெண்டையும் ஒரே நேரத்துல பார்க்கணும், சில பேருக்கு சதை கரைஞ்சு நீர் ஏறி எடை அப்படியே நிக்கும், நாம நல்லா இருக்காருன்னு நினைச்சுக்குவோம். அதனால கெண்டைக்காலையும் பாருங்க. அவரோட ரெண்டு கையோட கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமா அவரோட கெண்டைக்கால்ல தடிமனான இடத்துல வைக்கச் சொல்லுங்க, உங்க விரலால இல்ல, ஜப்பான்ல காஷிவா ஊர்ல ஆராய்ச்சி பண்ணி சொன்ன முறை இது. வளையத்துக்கும் காலுக்கும் நடுவுல இடைவெளி தெரிஞ்சா சதை குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். காலு வீங்கியிருக்கும்போது இது சரி வராது.

அப்புறம் பசி ஏன் இல்லன்னு தேடுங்க. இதயத்துக்குக் கொடுக்கிற டிகாக்சின் மாத்திரை இருக்கா? அது ரத்தத்துல கூடிப்போனா முதல்ல வர்றதே பசியின்மையும் குமட்டலும்தான், வயசானவங்க, கிட்னி வீக்கானவங்களுக்கு சுலபமா கூடிடும். மோஷன் சரியா போகுதா? வாய்ல புண்ணு, பல்செட் லூசு? எடை குறைஞ்சா ஈறும் சுருங்கி பல்செட் ஆடும், மெல்லும்போது வலிக்குதுன்னு வெளிய சொல்லாம சாப்பாட்டையே ஒதுக்கிடுவாங்க. மனசு எப்படி இருக்கார்? இதெல்லாம் பார்க்காம டானிக் வாங்கி ஊத்தறதுல பிரயோஜனம் இல்ல.

நாரோயில்_காரி:
அக்கா எங்க அம்மைக்கும் இதே தான், 81 வயசு, ரெண்டு வால்வு பிரச்சனை, பம்பிங்கும் கம்மி. உப்பில்லாம கொடுத்தா வாயிலயே வைக்க மாட்டா. நான் என்ன செய்யுதேன்னா காலையிலயே அம்மைக்குள்ள நாள் உப்பை டாக்டர் சொன்ன அளவுல லெவலா எடுத்து ஒரு சின்ன மூடி டப்பாவுல போட்டுருவேன். அவளுக்குள்ள சமையலுக்கு அதுல இருந்துதான் எடுக்கணும், தீந்தா தீந்துது. சமைக்கும்போது போடாம எறக்கின பெறவு மேல தூவுனா கொஞ்ச உப்பே நாக்குல நல்லா தெரியும். சாளை மீனை, அதான் மத்தி, குடம்புளி, சின்ன உள்ளி, நல்லமிளகு, கறிவேப்பிலை போட்டு வத்த வச்சு எடுத்தா உப்பு கொறவுன்னு அவளுக்குத் தெரியவே இல்ல, புளிப்பும் எரிப்பும் அதை மறைச்சிரும். சாளை விலையும் கம்மி, முள்ளும் பதமா வெந்துரும். கருவாடு, அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், கடை மிக்சர் இதெல்லாம் அடுக்களைக்குள்ளயே வரப்பிடாதுன்னு சொல்லிட்டேன், அவ பாத்தா கேப்பா, கேட்டா கொடுக்காம இருக்க நமக்கு மனசு வராது. பேக்கரி ரொட்டியிலயும் உப்பு உண்டு, அது நெறைய பேருக்குத் தெரியாது.

இன்னொண்ணு, தனியா உக்காத்தி வச்சு ஊட்டாதீங்க. எல்லாரும் சாப்பிடும்போது கூட உக்கார வச்சா ரெண்டு வாய் கூடுதலா இறங்கும்.

கணக்கு_வாத்தியார்:
மன்னிக்கணும், எனக்கு இதுல ஒரு சந்தேகம். கார்டியாலஜிஸ்ட் உப்பு கூடாதுன்னு சொல்லியிருக்கார். அதை மீறி மேல தூவு, டப்பாவுல எடுன்னு இங்க பேசறது சரியா? உப்பு கூடினா மறுபடி அட்மிஷன்தானே? எங்க மாமனார் ஒரு கல்யாண சாப்பாட்டுல ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டு மறுநாளே மூச்சு வாங்கி ஐசியூவுக்குப் போனார்.

டயட்_கிளினிக்_மதுரை:
சார் நியாயமான கேள்வி. உங்க மாமனாருக்கு நடந்தது நடக்கக்கூடியதுதான், ஒரே நாள்ல உப்பு கண்டபடி ஏறினா நீர் கோக்கும். ஆனா கண்டபடிக்கும் சுத்தமா இல்லாததுக்கும் நடுவுல பெரிய இடம் இருக்கு. 2022ல லான்செட் மருத்துவ இதழ்ல சோடியம் எச்எஃப்னு ஒரு ஆய்வு வந்துச்சு, ஆறு நாட்டுல 806 பேர். ஒரு குரூப்புக்கு சோடியம் 1500 மில்லிகிராமுக்குக் கீழ, இன்னொரு குரூப்புக்கு வழக்கமான அறிவுரை. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா சாவு, ஆஸ்பத்திரி அட்மிஷன், எமர்ஜென்சி இதுல பெரிய வித்தியாசம் இல்ல. அதுக்காக உப்பு எவ்வளவு வேணா போடலாம்னு எடுத்துக்கக் கூடாது, ஏன்னா அந்த வழக்கமான குரூப்பே 2000 மில்லிகிராம் சுத்துலதான் இருந்தாங்க, அதாவது நாளுக்கு 5 கிராம் உப்பு, லெவலா ஒரு டீஸ்பூன். நம்ம வீட்டு சாப்பாடு அதை சுலபமா தாண்டும். ஐரோப்பிய இதய சங்கமும் 5 கிராமைத் தாண்டாதீங்கன்னுதான் சொல்லுது. அந்த டீஸ்பூன்ல பால், ரொட்டி மாதிரி பொருள்ல ஏற்கெனவே இருக்கிறதையும் கழிச்சுக்கணும், அதனால சமையலுக்கு முக்கால் ஸ்பூன்னு வச்சா பாதுகாப்பு. டாக்டர் இன்னும் குறைச்சு சொல்லியிருந்தா அதுதான் கணக்கு, ஆனா அவர்கிட்டயே "உப்பில்லாம கொடுத்தா சாப்பிடவே மாட்டேங்கிறார், எடை இவ்வளவு குறைஞ்சிடுச்சு"ன்னு காலண்டரைக் காட்டிக் கேளுங்க. உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டர் யாரும் பட்டினி போடச் சொல்லல.

சாப்பாடு கொடுக்கிறது நிஜமாவே உயிரைக் காக்குதான்னு கேட்டா, ஸ்பெயின்ல பிக்னிக்னு ஒரு ஆய்வு, 120 பேர்தான், ஆனா எல்லாருமே ஹார்ட் ஃபெயிலியர்ல அட்மிட் ஆகி சத்துக்குறைவோட இருந்தவங்க. பாதிப் பேருக்கு ஆறு மாசம் தொடர்ந்து சாப்பாட்டைக் கவனிச்சு, தேவைன்னா சப்ளிமெண்டும் கொடுத்தாங்க. ஒரு வருஷத்துல செத்துப்போனவங்க, ஹார்ட் ஃபெயிலியர்னு மறுபடி அட்மிட் ஆனவங்க ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா, கவனிச்ச குரூப்புல நூத்துக்கு 27, கவனிக்காததுல 61. ஸ்விட்சர்லாந்து ஆஸ்பத்திரிகள்ல நடந்த எஃபர்ட் ஆய்வுல ஹார்ட் ஃபெயிலியர்காரங்க 645 பேரைத் தனியா பார்த்தப்போ, ஆளுக்கு ஏத்த சாப்பாடு கொடுத்தவங்கள்ல 30 நாளைக்குள்ள இறந்தது 8.4 சதவீதம், சாதாரண ஆஸ்பத்திரி சாப்பாடு சாப்பிட்டவங்கள்ல 14.8. இதை உங்க அண்ணன்கிட்ட காட்டுங்க குடந்தை மகள், லைட்டா கொடுக்கிறதுதான் பாதுகாப்புன்னு நினைக்கிறார் பாருங்க, அவருக்கும் அப்பா மேல பாசம்தான், திசைதான் மாறிப்போச்சு.

சேலம்_ராஜி:
நடுவுல கேக்கிறேன் மேடம், மாமியாருக்கு கிட்னி டெஸ்ட்ல கிரியேட்டினின் 1.9 இருக்கு, ஹார்ட்டும் வீக்கு. பருப்பு, முட்டை எல்லாம் கிட்னிய கெடுக்கும்னு நிறுத்திட்டோம். அதோட ரத்தம் உறையாம இருக்க ஆசிட்ரோம் மாத்திரை சாப்பிடறாங்க, கீரையே தொடக் கூடாதுன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க.

டயட்_கிளினிக்_மதுரை:
ராஜி, கிட்னிக்கு நீங்களா நிறுத்தாதீங்க. கிட்னி ஸ்டேஜ் என்ன, டயாலிசிஸ் பக்கம் போகுதா, எடை எப்படி இருக்கு இதையெல்லாம் பார்த்து அளவு முடிவு பண்ணணும். உடம்பு ஏற்கெனவே தளர்ந்து இளைச்சுப் போன பெரியவங்களுக்கு புரதத்தைக் கடுமையா குறைக்கிறது பல நேரம் கெடுதல்ல முடியும். உங்க நெஃப்ராலஜிஸ்ட்கிட்ட, அதான் கிட்னி டாக்டர்கிட்ட, "ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம்"னு நம்பரா கேட்டு வாங்குங்க, குறைச்சுக்குங்கன்னு மட்டும் சொன்னா விடாதீங்க.

ஆசிட்ரோமுக்கு கீரைய நிறுத்த வேண்டியதில்ல, ஏத்தி இறக்காம இருந்தா போதும். வாரத்துல ரெண்டு நாள் கால் கப் கீரைன்னா எல்லா வாரமும் அதே மாதிரி. ஒரு வாரம் ஒண்ணுமே இல்லாம அடுத்த வாரம் தினமும் முருங்கைக்கீரைன்னு போனாதான் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் எவ்வளவு வேகமா உறையுதுன்னு காட்டற அளவு, ஆடும். சாப்பாட்டையே மாத்தப் போறீங்கன்னா ஐஎன்ஆரை சீக்கிரமா ஒரு தடவை பார்த்துடுங்க.

ரிட்டயர்டு_சிஸ்டர்:
வலி மாத்திரையும் பாருங்க எல்லாரும். முட்டி வலின்னு மெடிக்கல்ல கேட்டு டைக்ளோஃபினாக், ஐப்யூபுரூஃபன் வாங்கிப் போடறாங்க, அது உப்பையும் நீரையும் உடம்புல பிடிச்சு வைக்கும், கிட்னியையும் தாக்கும். நெஞ்செரிச்சலுக்கு தண்ணியில போட்டா பொங்குமே அந்த உப்பு, அதுலயும் சோடியம்தான். சமையல்ல பார்த்துப் பார்த்து உப்பைக் குறைச்சிட்டு இந்தப் பக்கம் உள்ள விட்டா எப்படி.

சாப்பாடு மட்டும் போதாது, சதை ஏற காலும் கொஞ்சம் அசையணும். நாற்காலியில உக்காந்து எந்திரிக்கிறது, முதல்ல கைப்பிடிய பிடிச்சுக்கிட்டு, நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு, மூச்சு வாங்காத அளவுக்கு. மக்களைத் தேடி மருத்துவம் 2021ல ஆரம்பிச்சாங்களே, அதுல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வர்ற ஏற்பாடு இருக்கு, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

தேனி_பேரன்:
எங்க பாட்டிக்கு 90. ஹார்ட் 20 சதவீதம்தான், படுத்த படுக்கை, இனிமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டார். இந்த இழையைப் படிச்சதுல இருந்து அம்மா புரதம் புரதம்னு ஸ்பூன்ல வலுக்கட்டாயமா ஊட்டுது, பாட்டி வாயை மூடிக்கிட்டு அழுது. எனக்குப் பார்க்க முடியல.

ரிட்டயர்டு_சிஸ்டர்:
தம்பி, அம்மாகிட்ட இதைப் படிச்சுக் காட்டுப்பா. மேல நாங்க சொன்னது எல்லாம் மீண்டு எழ வாய்ப்பு இருக்கிறவங்களுக்கு. உங்க பாட்டி வேற கட்டத்துல இருக்காங்க. அந்தக் கட்டத்துல உடம்பே சாப்பாட்டைக் கேக்காது, சாப்பிடாததால அவங்க போகல, போயிக்கிட்டு இருக்கிறதால சாப்பிடல. வற்புறுத்தி ஊட்டினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும், அது கொடுமை. பாட்டிக்கு என்ன பிடிக்குமோ அது, உப்பு கணக்கெல்லாம் பார்க்காம, ஒரு வாய் ரெண்டு வாய், வாங்கினா கொடுங்க, வாயை மூடினா நிறுத்திடுங்க. தலைய நல்லா நிமிர்த்தி உக்கார வச்சு கொடுங்க. உதடு காயாம ஈரத்துணியால துடைச்சு விடுங்க. அம்மா ஊட்டறதை நிறுத்தினா பாட்டிய கைவிட்ட மாதிரி ஆகாதுன்னு நீதான் சொல்லணும்.

தேனி_பேரன்:
நன்றி சிஸ்டர். படிச்சுக் காட்டினேன். அம்மா அழுதுச்சு. சாயங்காலம் பாட்டி கருப்பட்டி காபி கேட்டுச்சு, ரெண்டு ஸ்பூன் குடிச்சுச்சு.

குடந்தை_மகள்:
எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. பல்செட்தான் சிஸ்டர், ஈறுல செவந்து புண்ணாயிருக்கு, அப்பா சொல்லவே இல்ல. பல் டாக்டர்கிட்ட காட்டி சரி பண்ணக் கொடுத்திருக்கோம், அதுவரைக்கும் மசிச்சுக் கொடுக்கிறேன். கஞ்சிய நிறுத்திட்டு பொட்டுக்கடலை மாவைப் பால்ல காய்ச்சிக் கொடுத்தேன், பிடிச்சிருக்கு. நாரோயில் அக்கா சொன்ன மாதிரி மீனை வத்த வச்சேன், சங்கராதான் கிடைச்சுது, முழு துண்டும் சாப்பிட்டார், அண்ணனே கூட உக்காந்து முள்ளு எடுத்துக் கொடுத்தான். எடை இன்னும் ஏறல ஆனா இறங்கறது நின்னிருக்கு, காலு வீக்கமும் இல்ல.

ஒரு கேள்வி. அமாவாசை வருது. அப்பா விரதம் விட மாட்டார், தாத்தா பாட்டிக்குப் படைச்சு காக்காய்க்கு வச்சுட்டுத்தான் பச்சைத் தண்ணியே குடிப்பார், மதியம் ஒரு மணி ஆயிடும். என்ன பண்றது?

டயட்_கிளினிக்_மதுரை:
பல்செட் விஷயம் கேட்டு ரொம்ப சந்தோஷம். விரதத்தை விடச் சொல்லி சண்டை போடாதீங்க, நேரத்தை மாத்துங்க. முந்தின ராத்திரி படுக்கும்போது பாலும் நிலக்கடலை உருண்டையும் கட்டாயம். அன்னிக்குப் படையலை காலையில எட்டரைக்குள்ள முடிக்க முடியுமான்னு பாருங்க, சைவ சாப்பாடுன்னா பருப்பு, தயிர், பனீர் கூட்டிக்குங்க. ஆனா மாத்திரை விஷயத்தை இன்னிக்கே டாக்டர்கிட்ட கேளுங்க. வயிறு காலியா, தண்ணியும் குடிக்காம லாசிக்ஸும் டாபாக்ளிஃப்ளோசினும் உள்ள போனா உடம்புல நீர் குறைஞ்சு, பிரஷர் இறங்கி, தலை சுத்தி விழ வாய்ப்பு இருக்கு. அன்னிக்கு எந்த மாத்திரையை எப்ப கொடுக்கிறது, எதைத் தள்ளிப் போடறதுன்னு அவர்தான் சொல்லணும், நீங்களா நிறுத்தக் கூடாது. வாந்தி பேதின்னு சாப்பிட முடியாமப் போற நாளுக்கு என்ன செய்யணும்னும் சேர்த்தே கேட்டு எழுதி வாங்கிக்குங்க.

குடந்தை_மகள்:
கேட்டுட்டேன் மேடம். படையல் முடிஞ்சு சாப்பிட்ட பிறகு மாத்திரை கொடுக்கச் சொல்லிட்டார், அன்னிக்கு பிரஷர் பார்த்துட்டு கொடுக்கணும்னார். அப்பாவும் எட்டரைக்கே படைக்கலாம்னு ஒத்துக்கிட்டார், காலையில சீக்கிரம் எந்திரிச்சு நான்தான் சமைக்கணும். பொட்டாசியம், பாஸ்பரஸ் டெஸ்டுக்கு நாளைக்கு ரத்தம் எடுக்க வர்றாங்க, ரிப்போர்ட் வந்ததும் இங்க போடறேன்.